ஏறுவது எளிது, இறங்குவதுதான் வித்தை!

பயிற்சி விமானங்கள் தரையில் மோதுவது ஏன்?

2019-ம் வருஷம் ஆகஸ்டு மாதம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த் நகரை அடுத்த ஜண்டகாட் விமான நிலையத்திலிருந்து ஒரு சின்னஞ்சிறு விமானம் கிளம்பியது. அதில் இரண்டே ஆசனங்கள். ஒன்றில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த இளைஞர். மற்றொன்றில் அவருடைய ஆசிரியர். இளைஞரின் மனைவியும் மூன்று குழந்தைகளும் கீழே காத்திருந்தார்கள்.

மேலே போய்ப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் நினைவிழந்து மாணவரின் தோளில் சாய்ந்துவிட்டார்!

மாணவர் ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைத்தார். விமானத்தை ஓட்டத் தெரியுமா என்று அங்கிருந்து கேட்டார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாலபாடம்தான். அதுவரை ஒரு தடவைகூட அவர் விமானத்தைத் தரையிறக்கியதில்லை.

கோபுரத்திலிருந்தவர் பதற்றப்படவில்லை. சிறகுகளைச் சமமாக வைத்துக்கொள்ளும்படியும், உயரத்தைக் காப்பாற்றிக் கொள்ளும்படியும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மாணவரும் சொன்னதைச் சொன்னபடி செய்தார். சுமார் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அந்த விமானம் ஓடுபாதையில் வந்து இறங்கி, ஓடி, நின்றது. மாணவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆசிரியரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

இதைக் கேட்டதும் நமக்கு ஒரு சந்தேகம் எழும். இறங்கவே கற்றிராத ஒருவரால் இறங்க முடிந்ததென்றால், இறங்குவது அவ்வளவு சுலபமா? சுலபம் என்றால், பத்து மணி, இருபது மணி பறந்து பழகிய மாணவர்கள் நல்ல வெயிலில், நல்ல விமானத்தை, நல்ல ஓடுபாதையில் கொண்டுவந்து மோதுவானேன்?

சிறு விமானங்களுக்கு நேரும் விபத்துக்களை அமெரிக்காவில் வருஷந்தோறும் ஆராய்ந்து வருகிறார்கள். அந்தக் கணக்குகளில் திரும்பத் திரும்பத் தெரியவருவது இதுதான்: விமானியின் தவறால் நேரும் விபத்துக்களில் தரையிறங்கும்போது நேர்பவையே அதிகம். மாணவர்கள் தனியாகப் பறக்கும்போது நேர்பவற்றிலோ பெரும் பகுதி இறங்கும்போதுதான். நல்லவேளையாக இவற்றில் உயிர்ச்சேதம் குறைவு. விமானத்தின் மூக்கு உடையும், விசிறி வளையும், சிறகு நசுங்கும். மாணவர் வெளிறிய முகத்தோடு இறங்கி நடந்து வருவார். ஆனால் எப்போதும் அப்படி நடக்கும் என்று சொல்வதற்கில்லை.

முதல் நாளே உடைந்தது!

விமானம் பிறந்த கதையிலேயே இந்தத் தொல்லையும் பிறந்துவிட்டது.

1903-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி, அமெரிக்காவில் கிட்டி ஹாக் என்ற ஊருக்கு அருகே மணல்வெளியில், ரைட் சகோதரர்கள் இருவரும் நாணயத்தைச் சுண்டிப் போட்டுப் பார்த்தார்கள். மூத்தவரான வில்பருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அவர் ஏறிக் கிளப்பினார். விமானம் எழும்பியது, வில்பர் மூக்கை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டார். மூன்றரை வினாடியில் அது வேகமிழந்து மணலில் வந்து மோதியது. பழுது பார்க்க மூன்று நாள் பிடித்தது.

டிசம்பர் 17-ந் தேதிதான் உலகம் கொண்டாடும் நாள். அன்று முதலில் பறந்தவர் ஆர்வில். 12 வினாடியில் 120 அடி. நான்காவது தடவை வில்பர் 59 வினாடியில் 852 அடி பறந்தார். அந்த மகத்தான பிரயாணம் எப்படி முடிந்தது தெரியுமா? இறங்கும்போது தரையில் மோதி, முன்பக்கத்துச் சட்டம் உடைந்தது! விமானத்தை முதன் முதலில் கண்டவர்களே இறங்குவதை இனிமேல்தான் கற்கவேண்டியிருந்தது.

செக்கு மாட்டுப் பாடம்

விமானம் ஓட்டப் பழகும் மாணவரின் வாழ்க்கை ஒரு விதத்தில் செக்கு மாட்டின் வாழ்க்கைதான். ஓடுபாதையிலிருந்து எழும்ப வேண்டும். சுமார் 1,000 அடி உயரம் ஏறி, ஒரு பக்கமாகத் திரும்பி, மறுபடியும் திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் போக வேண்டும். பிறகு இரண்டு திருப்பம். இப்போது ஓடுபாதை நேர் எதிரே ஒரு சாம்பல் நிற நாடாவைப்போல் தெரியும். இறங்கி, தொட்டு, மறுபடி எழும்ப வேண்டும். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிஷம். இப்படியே நாள்தோறும் சுற்றிச் சுற்றி வரவேண்டும்.

இந்த ஐந்தாறு நிமிஷத்தில் நெஞ்சு படபடக்கும் நேரம் கடைசிப் பத்து வினாடிதான். அதுவரை மூக்கைத் தாழ்த்தி ஓடுபாதையை நோக்கிச் சரிந்து வந்த விமானத்தை, தரைக்குப் பத்திருபது அடி இருக்கும்போது மெல்ல நிமிர்த்த வேண்டும். தரைக்கு ஓரடி ஈரடி உயரத்தில் அது மிதந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் இழந்து, இனித் தாங்க முடியாது என்ற நிலையில் தானாக உட்கார வேண்டும். முதலில் பின்புறத்து இரண்டு பெரிய சக்கரங்கள். கடைசியில் மூக்குச் சக்கரம். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற பதம் அது.

உயரே நிமிர்த்தினால், விமானம் ஆகாயத்திலேயே வேகம் இழந்து தொப்பென்று விழும். தாமதித்து நிமிர்த்தினால், மூக்கு தரையில் இடிக்கும். வெடுக்கென்று நிமிர்த்தினால், பலூன்போல் மறுபடி மேலே கிளம்பிவிடும். இந்த மூன்றுக்கும் நடுவே இருக்கும் வழியோ மிகமிகக் குறுகலானது.

கண் செய்யும் மோசம்

இந்தப் பத்து வினாடியில் மாணவரைக் கவிழ்க்கும் முதல் எதிரி அவருடைய கண்ணேதான்.

தரை நெருங்க நெருங்க, சக்கரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே மனம் இழுக்கும். அப்படிக் கிட்டத்தில் பார்த்தால் தரை மங்கலாகப் பறந்தோடும். பயந்துபோய்க் கை வெடுக்கென்று இழுக்கும்; அல்லது காலம் கடந்து இழுக்கும். வெகுதூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஆபத்துத்தான். உயரம் பிடிபடாது, நிமிர்த்தாமலே தரையில் போய் முட்டவேண்டியதுதான். இதனால்தான் அருகிலும் இல்லாமல் தொலைவிலும் இல்லாமல், ஓடுபாதையின் முன்பகுதியில் பார்வையை ஓடவிடும்படி ஆசிரியர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறார்கள்.

கண்ணின் மாயம் இத்துடன் நிற்பதில்லை. ஒரு மாணவர் அகலமான ஓடுபாதையிலேயே பழகியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனியாக இன்னோர் ஊருக்குப் போகிறார். அங்கே ஓடுபாதை குறுகல். குறுகலான பாதை தொலைவில் இருப்பதாகக் கண்ணுக்குப் படும். 'நாம் மிகவும் உயரத்தில் இருக்கிறோம்' என்று எண்ணி அவர் தாழ்ந்து வருவார். உண்மையில் அவர் இருந்தது சரியான உயரந்தான்! மேட்டுப் பக்கமாக ஏறிச் செல்லும் ஓடுபாதையும் இதே மாதிரி ஏமாற்றும்.

மூன்றாவது துள்ளல்

சரி, நிமிர்த்துவதில் சிறு பிசகு. விமானம் தரையில் சற்று பலமாகப் பட்டு, பந்துபோல் எழும்புகிறது. இதில் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. இதற்கு அடுத்த இரண்டு வினாடியில் மாணவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விமானம் மேலே போகிறது. மாணவருக்கோ கீழே போகவேண்டும். கை என்ன செய்யும்? கைப்பிடியை முன்னே தள்ளும். மூக்கு கவிழ்ந்து, மூக்குச் சக்கரம் முதலில் தரையில் மோதும். முன்னைவிட உயரமாக ஒரு துள்ளல். பயந்துபோய் இழுப்பார், உடனே மறுபடி தள்ளுவார். விமானம் ஒன்று செய்தால் கை அதற்கு ஒரு கணம் பிந்தியே பதில் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் துள்ளல் வளர்கிறது. இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மூக்குச் சக்கரத்தின் கால் மடிந்துவிடும். சுழன்றுகொண்டிருக்கும் விசிறி தரையை வெட்டும்.

விசிறி தரையில் பட்டுவிட்டால் விசிறியை மட்டும் மாற்றினால் போதாது. அந்த அதிர்ச்சி உள்ளே என்ன செய்திருக்கிறதோ என்று என்ஜினைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். உலகமெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் காணப்படும் செஸ்னா 172 விமானத்தில் மூக்குச் சக்கரத்தின் கால், என்ஜினுக்கும் விமானிக்கும் இடையேயுள்ள உலோகத் தடுப்புச் சுவரோடு இணைந்திருக்கிறது. மூக்கு பலமாக இடித்தால் அந்தச் சுவரே சுருங்கி வளைந்துவிடும். 'சற்றுப் பலமாக இறங்கிவிட்டது, வேறொன்றுமில்லை' என்று மாணவர் சொன்னாலும், மெக்கானிக் முதலில் அந்த இடத்தைத்தான் தடவிப் பார்ப்பார்.

வேகம் என்ற கடன்

இந்தத் துள்ளலுக்கும் பல சமயம் மூலகாரணம் வேறு. மாணவர் வேகமாக வந்திருப்பார்!

செஸ்னா 172 இறங்க வரவேண்டிய வேகம் மணிக்குச் சுமார் 110 முதல் 130 கிலோமீட்டர் வரை. வேகம் குறைந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் மாணவர் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறார். 'கூட இருந்தால் என்ன கெடுதல்?' என்ற எண்ணம். ஆனால் விமானம் கொண்டுவரும் சக்தி, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பத்து சதவிகிதம் கூடினால் சக்தி 21 சதவிகிதம் கூடிவிடும். அத்தனையையும் ஓடுபாதையின் மேல் எங்கேயாவது செலவழித்துத்தான் ஆகவேண்டும்.

போதாததற்கு, தரையை ஒட்டிப் பறக்கும்போது காற்று மெத்தைபோல் தாங்கும். சிறகின் முழு நீளத்தைவிடக் குறைந்த உயரத்துக்கு வந்துவிட்டால் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடை குறைந்துபோகும். அது இறங்காமல் மிதந்துகொண்டே போகும். ஓடுபாதையின் கோடி நெருங்குகிறது. மாணவருக்குப் பொறுமை போய்விடுகிறது. 'உட்காரு' என்று கைப்பிடியை அழுத்துகிறார். விமானமோ இன்னும் பறக்கும் வேகத்தில் இருக்கிறது. மூக்கு மோதித் துள்ளல் ஆரம்பமாகிறது!

வால் முந்திக்கொண்டால்...

காற்று ஓடுபாதைக்கு நேராக அடித்தால் கவலையில்லை. அது மாணவரைக் கேட்டா அடிக்கிறது? குறுக்கே அடித்தால் விமானத்தைப் பாதையைவிட்டு ஒதுக்கும். காற்று வரும் பக்கத்துச் சிறகைச் சற்றுத் தாழ்த்தி, சுக்கானை மறுபக்கம் மிதித்து, ஒற்றைச் சக்கரத்தில் முதலில் தொடவேண்டும். இறங்கிய பிறகும் கையை எடுக்கக் கூடாது. 'அப்பாடா, வந்து சேர்ந்தோம்' என்று பெருமூச்சு விடும் அந்த வினாடியில்தான் காற்று சிறகைத் தூக்கி, விமானத்தைப் புல்லில் தள்ளுகிறது.

அந்நாளைய விமானங்களில் இந்தத் தொல்லை பன்மடங்கு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஆயிரக்கணக்கான விமானிகளை உருவாக்கிய டைகர் மாத் 1931-ல் முதன் முதல் பறந்தது. அதற்கு மூக்குச் சக்கரமும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. பெங்களூரில் உருவாகி 1951-ல் பறந்த எச்.டி.-2, 1958-ல் பறந்து நம் நாட்டு பிளையிங் கிளப்புகளுக்குப் போன புஷ்பக் ஆகியவையும் வால் பக்கத்தில் சின்னச் சக்கரம் வைத்தவையே.

இத்தகைய விமானத்தில் கனமெல்லாம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. கைவண்டியைப் பின்புறமாகத் தள்ளிக்கொண்டு போவதுபோல. சற்றுக் கோணலாகத் தொட்டால் பின்னால் இருக்கும் கனம் முன்னே வரப் பார்க்கும். விமானம் பம்பரம்போல் சுழன்று, ஒரு சிறகைத் தரையில் அடிக்கும். 1950-களில் மூக்குச் சக்கரமுள்ள செஸ்னா போன்றவை வந்த பிறகு இந்தச் சுழற்சி குறைந்தது. ஆனால் மூக்குச் சக்கரம், மூக்கை உடைத்துக்கொள்ளும் வழியையும் கூடவே கொண்டுவந்தது. ஒரு கதவை அடைத்தால் மறு கதவு திறக்கிறது!

உயிரைப் பறிக்கும் திருப்பம்

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் பணச்சேதத்தோடு போவது. பிராணனை வாங்குவது இன்னொன்று. அது ஓடுபாதைக்கு வந்துசேருமுன்பே, கடைசித் திருப்பத்தில் காத்திருக்கிறது.

சிறகு காற்றை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குள் சந்திக்கும்வரைதான் விமானத்தைத் தாங்கும். அளவுக்கு மீறி நிமிர்த்தினால், சிறகின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும் காற்று பிய்ந்துவிடும். தாங்கும் சக்தி சட்டென்று போய்விடும். இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். என்ஜின் நின்றுபோவது என்று பலர் நினைக்கிறார்கள். அதல்ல, என்ஜின் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நேரும். 1944-ல் லாங்கவிஷ் என்ற விமானி 'ஸ்டிக் அண்ட் ரடர்' என்று ஒரு புத்தகம் எழுதினார். காற்றைச் சிறகு சந்திக்கும் இந்தக் கோணத்தை உணர்வதே விமானக் கலையின் உயிர்நாடி என்று சொல்லும் அந்தப் புத்தகத்தை மாணவர்கள் இன்னும் படிக்கிறார்கள்.

மாணவர் கடைசித் திருப்பத்தைத் தாமதமாக ஆரம்பிக்கிறார். ஓடுபாதை நழுவிப் போகிறது. விட்டுப்போகக் கூடாதே என்று சிறகை மேலும் சாய்க்கிறார், கைப்பிடியை மேலும் இழுக்கிறார், சுக்கானையும் மிதிக்கிறார். இப்படி உயரம் குறையாமல் இழுத்துத் திருப்பும்போது விமானத்தின் கனம் கூடிவிட்டது போலாகிறது. 30 டிகிரி சாய்வில் ஸ்டால் ஆகும் வேகம் 7 சதவிகிதம் உயருகிறது. 45 டிகிரியில் 19 சதவிகிதம். 60 டிகிரியில் 41 சதவிகிதம்! நிதானமாகத் திரும்பினால் தாராளமாகப் போதுமாயிருந்த வேகம் இப்போது போதாது. ஒரு பக்கச் சிறகு மட்டும் செத்துப்போய், விமானம் தலைகீழாகச் சுழன்று விழுகிறது. உயரே இருந்தால் மீட்கலாம். அங்கே உயரம் சில நூறு அடிதான். மீட்க நேரமில்லை.

யோசித்துப் பார்த்தால், இந்த ஐந்து தவறுகளுக்கும் வேர் ஒன்றுதான் என்று விளங்கும். கெட்டுப்போன இறக்கத்தை எப்படியாவது சரிக்கட்டி, *இந்தத் தடவையே* இறங்கிவிட வேண்டும் என்ற பிடிவாதம்!

கால் ஒடிந்தவர் கண்ட வழி

இந்த உண்மையைக் கண்டு பாடத் திட்டத்தையே மாற்றியவர் ஓர் ஆங்கிலேயர். பெயர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1914-ல் யுத்தம் தொடங்கிய மாதத்திலேயே விமான விபத்தில் அவருடைய இரு கால்களும் முறிந்தன. அந்த யுத்தத்தின்போது எதிரியைக் காணாமலே பயிற்சியில் மாண்ட இளைஞர்கள் ஏராளம். ஆசிரியர்கள் மாணவர்களைக் கண்டு பயந்தார்கள். அபாயமான நிலை எதையும் காட்டிக் கொடுக்காமல், 'அந்தப் பக்கம் போகாதே' என்று எச்சரித்து அனுப்பினார்கள். போகாமலிருக்க முடியுமா? போனபோது மீளத் தெரியவில்லை.

1917-ல் காஸ்போர்ட் என்ற இடத்தில் ஸ்மித்-பாரி தம் பள்ளியைத் தொடங்கினார். ஆசிரியர், மாணவர் இருவருக்கும் தனித்தனிக் கைப்பிடி. மாணவரை வேண்டுமென்றே ஆபத்தான நிலைக்குக் கொண்டுபோய், அதிலிருந்து அவரையே மீண்டுவரச் செய்வது. என்ஜின் இரைச்சலில் பேச்சுக் கேட்க, வாயிலிருந்து காதுக்கு ஒரு குழாய். அந்தக் குழாய்க்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. இன்று உலகமெங்கும் நடக்கும் பயிற்சி அவர் போட்ட பாதையில்தான் போகிறது. இதனால்தான் நல்ல ஆசிரியர் மாணவரின் தவறை உடனே திருத்துவதில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தவறு எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போகவிட்டு, கடைசிக் கணத்தில்தான் கைப்பிடியைத் தொடுவார். அந்தக் கடைசிக் கணம் எது என்று அறிவதுதான் அவருடைய தொழில் ரகசியம். பிந்திவிட்டால் இருவருக்குமே ஆபத்து!

காலியான ஆசனம்

பிறகு ஒரு நாள் வருகிறது. மூன்று தடவை நன்றாக இறங்கியதும், ஆசிரியர் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லுகிறார். கதவைத் திறந்து இறங்குகிறார். 'இனி நீங்களே போய்வாருங்கள்' என்கிறார். பக்கத்து ஆசனம் காலி.

எந்த விமானியும் இந்த நாளை மறப்பதில்லை. ஓர் ஆளின் கனம் குறைந்துவிட்டதால் விமானம் விரைவாக ஏறும். இறங்கும்போது அதிகமாக மிதக்கும். பழகிய விமானமே புது விமானமாகத் தோன்றும். அமெரிக்காவில் முதல் தனிப் பறப்பு முடிந்ததும் மாணவரின் சட்டையின் பின்பக்கத்தை வெட்டி எடுக்கும் வழக்கம் உண்டு. முற்காலத்தில் பின்னால் உட்கார்ந்த ஆசிரியர் முன்னாலிருந்த மாணவரின் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் கவனத்தைத் திருப்புவாராம். இனி இழுக்க வேண்டியதில்லை என்பதற்கு அது அடையாளம்! நம் நாட்டில் 1936-ல், நாலு வயது மகளுக்குத் தாயான சரளா தக்ரால் என்ற 21 வயதுப் பெண், சேலை உடுத்திக்கொண்டு லாகூரில் ஜிப்ஸி மாத் விமானத்தில் தனியாகப் பறந்தார். விமானி லைசென்ஸ் பெற்ற ஆரம்பகால இந்தியப் பெண்மணிகளில் அவரும் ஒருவர்.

இந்த நாளுக்கு அவசரப்பட்டவர்களும் உண்டு. 1923-ல் 21 வயது இளைஞர் ஒருவர் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் 500 டாலருக்குப் பழைய ராணுவ விமானம் ஒன்றை வாங்கினார். அதற்குமுன் அவர் தனியாகப் பறந்ததேயில்லை. அதை வெளியில் சொல்லிக்கொள்ளவுமில்லை. கிளப்பினார்; சில அடிகள் எழும்பியதும் தடுமாற்றம். ஒற்றைச் சக்கரத்திலும் சிறகின் நுனியிலுமாக வந்து விழாத குறையாக இறங்கினார். அங்கே நின்ற முன்பின் தெரியாத விமானி ஒருவர் அருகில் வந்து, கூட வருவதாகச் சொன்னார். இளைஞர் வீம்பு பிடிக்கவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு, இறங்கி இறங்கிப் பழகினார். காற்று ஓய்ந்த மாலை வேளையில்தான் தனியாகப் போனார். நாலு வருஷம் கழித்து, 1927 மே மாதம், 33½ மணி நேரம் தன்னந்தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி, பாரிஸ் நகரில் இரவில் இறங்கினார். அவர்தான் சார்லஸ் லிண்ட்பர்க்!

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூஸெட்ஸ் மாகாணத்தில் 17 வயதுப் பெண் ஒருத்தி, முதன் முறையாகத் தனியாக வெளியூருக்குப் பறக்கக் கிளம்பினாள். எழும்பியவுடனே விமானத்தின் ஒரு சக்கரம் கழன்று கீழே விழுந்தது! அவளுடைய ஆசிரியர் ரேடியோவில் பேசினார். பக்கத்து ஆசனம் காலி. ஆனால் குரல் மட்டும் கூடவே இருந்தது. அவள் சுற்றி வந்தாள், நிதானமாக நெருங்கினாள், மிச்சமிருந்த சக்கரங்களில் இறக்கினாள். விமானம் திரும்பிப் புல்லில் போய் நின்றது. அவள் காயமில்லாமல் எழுந்து வந்தாள்.

மறுபடி ஒரு சுற்று

ஆசிரியர்கள் தினந்தோறும் சொல்லிக் கொடுக்கும் மருந்து மிக மிகச் சாதாரணமானது. இறங்குவது சரியாக வரவில்லையா? இறங்காதே! என்ஜினுக்கு முழு விசை கொடு. மூக்கை ஏறும் நிலையில் வை. வலது காலால் சுக்கானை மிதித்து நேராகப் போ. இறங்குவதற்காகச் சிறகின் பின்னால் தொங்கவிட்ட மடிப்புகளை ஒரேயடியாகத் தூக்காமல் படிப்படியாகத் தூக்கு. மேலே போ. மறுபடி ஒரு சுற்று சுற்றி வா. உயரே நிமிர்த்திவிட்டாலும் இதுதான். துள்ளினாலும் இதுதான். மிதந்துகொண்டே போனாலும், காற்று ஒதுக்கினாலும், திருப்பம் தப்பினாலும் இதுவேதான்.

இவ்வளவு சுலபமான மருந்தை மாணவர்கள் ஏன் சாப்பிடுவதில்லை?

வெட்கம்! புல்தரையில் தோழர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஓரத்தில் ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 'இவனுக்கு இறங்க வரவில்லை' என்று நினைப்பார்களே! பணமும் ஒரு காரணம். பயிற்சிக் கட்டணம் மணிக்கணக்கில் ஓடுகிறது. நம் நாட்டில் விமானம் ஓட்டுவதைத் தொழிலாகக் கொள்ள லைசென்ஸ் வேண்டுமானால் 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். லட்சக்கணக்கான ரூபாய். வீட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய தகப்பனாரின் முகம் நினைவுக்கு வந்தால், இன்னொரு சுற்றுக்கு மனம் துணியுமா?

ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு சுற்றுக்கு ஐந்தாறு நிமிஷம், கொஞ்சம் பெட்ரோல். வளைந்த விசிறிக்கும், பிரித்துப் பார்க்கும் என்ஜினுக்கும் எவ்வளவு? மகனுக்கு என்ன விலை?

ஜண்டகாட்டில் இறங்கவே கற்றிராத அந்த மாணவர் பிழைத்ததன் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. முதல் முயற்சியிலேயே இறங்கிக் காட்ட வேண்டும் என்று அங்கே யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. ஒரு மணி நேரம் ஆகாயத்தில் இருந்து, குரல் சொன்னதைக் கேட்டு, நிதானமாகத் தரைக்கு வந்தார்.

அனுபவசாலியான ஆசிரியர் ஒரு மாணவர் எத்தனை தடவை பூப்போல இறங்கினார் என்பதை மட்டும் கணக்கில் வைப்பதில்லை. யாரும் சொல்லாமல், தானாகவே, 'இது சரியில்லை' என்று கண்டு விசையைக் கொடுத்து மேலே ஏறினாரா என்று பார்க்கிறார். அப்படி ஏறிய அன்றுதான் பக்கத்து ஆசனத்தைக் காலி செய்யும் தைரியம் அவருக்கு வருகிறது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியவர்கள். ஓடுபாதை எங்கும் ஓடிப்போய்விடாது. இன்னொரு சுற்று சுற்றி வருகிறவனுக்காக அது அங்கேயே காத்துக் கிடக்கும்!